தெலேசியா உட்கார்ந்து பார்த்த தரை

தெலேசியா தரைக் கல்லைக் கண்ணால் பார்த்து வாங்குகிற ஆள் இல்லை. உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்குவாள். சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் அந்த டைல்ஸ் கடைக்குள் நுழைந்ததும் முதல் காரியமாகச் செருப்பைக் கழற்றினாள். காட்சிக்குப் பரப்பி வைத்திருந்த பழுப்பு டைல்ஸ் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

கடைப் பெண் பதறி ஓடி வந்தாள். "அம்மா, என்னாச்சு? மயக்கமா?"

"மயக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. டைல்ஸ் பாக்குறேன்."

"பாக்குறதுக்கு எதுக்கும்மா கண்ணை மூடுறீங்க?"

"நீ என்ன, கண்ணாலயா உக்காருவ?"

கடைப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். நாற்காலி போட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது. தெலேசியாவின் கணக்கு வேறு. ஜெபம் தரையில், சாப்பாடு தரையில், கல்யாணப் பேச்சு தரையில், சாவு வீட்டில் மூன்று நாள் தரையில். ஊர்த் தலைவர்கள் கூடிவிட்டால் நாலு மணி நேரத்துக்கு ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். நின்றபடி டைல்ஸ் பார்த்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வீட்டில் யாருமே உட்காருவதில்லையா என்ன? இந்தச் சந்தேகம் அவளுக்கு வெகுநாளாக உண்டு.

ஐந்து நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்து, "இது வேண்டாம். எலும்பைத் தேடுது," என்றாள்.

ஆக்லாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் மகள் அனா பணம் அனுப்பியிருந்தாள். முன்கூடம், படுக்கையறை, குளியலறை, பின்கட்டுச் சமையல்கொட்டகை, நாலுக்கும் தரை போட்டுவிடச் சொல்லியிருந்தாள். "நாலையும் அம்மாவே பாத்து எடுக்கட்டும்" என்று போனில் தெளிவாகத்தான் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நாத்தனார் மசினாவும் கேட்டாள். 'அம்மாவே' என்ற ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் அவள் காதில் விழுந்தது.

மசினாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வயது அறுபத்திரண்டு. நாலு வீடு தள்ளித்தான் வாழ்க்கைப்பட்டாள். ஆனால் விடிந்தால் தம்பி வீட்டில் இருப்பாள். சமோவாவில் ஆணுடன் பிறந்தவள் என்றால் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள்; அவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வழக்கத்தில் ஒரு நூல்கூடப் பிசகாமல் மசினா காவல் காத்தாள். வந்தவள் பின்பக்கம்தான் உட்கார வேண்டும். பெரியவர் எந்தத் தூணில் சாய்கிறாரோ அதுதான் வீட்டின் முன்பக்கம். தூணுக்குக் கொண்டுபோன தட்டோ கோப்பையோ நிறைந்தபடி திரும்பி வரக் கூடாது. வந்தால் வீட்டு மானம் போச்சு. சவாயித் தீவிலிருந்து கப்பலேறி வந்த நாளிலிருந்து இருபத்தொன்பது வருடமாகத் தெலேசியா இந்தப் பாடத்தைக் கேட்டுவருகிறாள்.

பின்கட்டில் அவள் உட்கார்ந்த தரையையும் சொல்ல வேண்டும். பாதி வெடித்த சிமெண்டு, பாதி பவளக் கல் கொட்டியது. மேலே ஒரு கிழிந்த பாய். அரை மணி நேரம் உட்கார்ந்து தேங்காய் துருவிவிட்டு எழுந்தால் தொடை முழுக்கப் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருக்கும். அதனால் முன்கூடம் எப்படி வேண்டுமானாலும் போகட்டும், பின்கட்டுக்கு மட்டும் தன் மனசுக்குப் பிடித்த கல் வேண்டும், அதில் சுவரோரம் தன் இடத்தில் நிம்மதியாக உட்கார வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. பெரிய ஆசை இல்லை. ஆனால் அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆசை.

கடையில் ஒவ்வொரு அறையாகப் பேச்சு நடந்தது. கூடவே வந்திருந்த மசினா ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். குளியலறைக்குக் கூடையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து டைல்ஸ் மேல் ஊற்றி, ஈரக் குதிகாலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள் தெலேசியா. கடைப் பெண் துடைப்பத்தோடு பின்னாலேயே வந்தாள். சின்னச் சின்னக் கட்டமாக, சொரசொரப்பாக இருந்த பச்சை டைல்ஸ் தேறியது. போன மாதம்தான் போதகரின் மனைவி யார் வீட்டுக் குளியலறையிலோ விழுந்து கையை ஒடித்துக்கொண்டிருந்தாள்; அதனால் மசினாவும் வாயைத் திறக்கவில்லை.

படுக்கையறைக்குப் பெனியைக் கூப்பிட்டார்கள். பெனி, தெலேசியாவின் புருஷன், ஊர் பஸ் ஓட்டுகிறவன். பஸ்ஸை வாசலில் நிறுத்திவிட்டு வந்தான். "மத்தியானம் படுத்தா முதுகு குளிரணும். வேற ஒண்ணும் வேண்டாம்," என்று சொல்லி நீல டைல்ஸ் மேல் நீட்டிப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

"இதையே எழுதிக்கோ," என்றாள் தெலேசியா கடைப் பெண்ணிடம்.

முன்கூடத்துக்கு வந்தபோதுதான் மசினா நாற்காலியை விட்டு எழுந்தாள். வெள்ளை வெளேரென்று, முகம் பார்த்துப் பவுடர் போட்டுக்கொள்ளலாம் போல ஒரு டைல்ஸ். மசினா குனிந்து தன் முகத்தைப் பார்த்தாள், பார்த்தவுடன் முடிவு செய்துவிட்டாள்.

"இதுதான். முற்றத்துல இருக்கற அப்பா கல்லறைக்கும் இதே."

தெலேசியா உட்கார்ந்து பார்க்கப் போனாள். பாவாடைத் துணி சர்ரென்று வழுக்கி, கை ஊன்ற வேண்டியதாயிற்று. "அக்கா, மாமனார் கல்லறைக்குத் தாராளமா போடலாம். அவர் எழுந்து நடக்கப் போறதில்ல, வழுக்கி விழ மாட்டார். உசுரோட இருக்கறவங்க உக்கார்ற எடத்துக்கு இது ஆகாது. மழை பெஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"உனக்கு எப்பவும் பின்கட்டுப் புத்தி. ரோட்டுல போறவன் பாத்து மூக்குல விரல் வைக்கணும்."

"ரோட்டுல போறவனா வந்து உக்காரப் போறான்?"

"ஏ பெனி! உன் பொண்டாட்டி எதிர்த்துப் பேசறா, கேட்டியா?"

பெனி நீல டைல்ஸில் புரண்டு படுத்தான். அவன் தூங்கவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

வெள்ளையே முடிவாயிற்று. பின்கட்டுக்கான கல்லைத் தெலேசியா கடையின் பின்னால், கழிப்பறைக் கதவோரம் கண்டுபிடித்தாள். சாம்பல் நிறத்தில், பிளந்தெடுத்த கல்போல முரட்டு முகத்தோடு அடுக்கி வைத்திருந்தார்கள். ஒருத்தரும் வாங்காததால் தூசி படிந்து கிடந்தது. நாலு கல்லைத் தரையில் பரப்பச் சொல்லி உட்கார்ந்தாள். கல் அவளைப் பிடித்துக்கொண்டது. குளிர்ச்சி மெதுவாக ஏறியது, எந்த எலும்பையும் தேடவில்லை. கூடையிலிருந்து சுட்ட வாழைக்காயை எடுத்து உரித்துத் தின்றாள். கடைப் பெண்ணுக்கும் ஒன்று நீட்டினாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, நெசமாவே நல்லாத்தான் இருக்கு," என்றாள் கடைப் பெண். "மூணு வருஷமா இங்க வேலை பாக்குறேன், இதுல உக்காந்தே பாத்ததில்ல."

மசினா எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "பன்னிக் கொட்டகைக்குப் போடற கல்லு. பின்னாடிதானே, என்னத்தையோ போட்டுத் தொலை."

தெலேசியாவுக்கு அன்றைக்கு அந்த வசவு காதில் தேனாகப் பாய்ந்தது.

டைல்ஸ் எல்லாம் பெனியின் பஸ்ஸிலேயே ஊருக்கு வந்தது. ஏற்கெனவே பஸ்ஸில் ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்கார்ந்துதான் போவார்கள். அன்று மடியில் முதலில் ஒரு பெட்டி டைல்ஸ், அதற்கு மேல் ஆள். "பெனி, பள்ளத்துல எறக்காத, என் குளியலறை ஒடையுது!" என்று ஒரு கிழவர் கத்தினார். யார் மடியில் எந்த அறை இருக்கிறது என்று ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸே சிரித்துக்கொண்டு வந்தது.

டைல்ஸ் பதிக்க வந்த கொத்தனார் பெயர் செமி. மசினா அவனை விட்டு நகரவில்லை. "கழுவி விட்டா தண்ணி ஒரு சொட்டு நிக்கக் கூடாது. வாட்டம் குடு," என்றாள். சரி என்று முன்கூடத்தின் கிழக்குக் கோடியைப் பார்க்க வாட்டம் வைத்துப் பதித்தான் செமி. கிழக்குக் கோடித் தூண் ஊர்ப் பெரிய தலைவர் சாய்கிற தூண் என்பது அவனுக்கும் தெரியும், மசினாவுக்கும் தெரியும். வாட்டம் பேசும்போது இரண்டு பேருக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அதோடு விட்டாளா மசினா? சுவரில்லாத கூடத்துக்கு மழைத் தடுப்பாகத் தொங்கிய ஓலைத் தட்டிகளை அத்தனையும் கழற்றச் சொன்னாள். தட்டி இருந்தால் ரோட்டிலிருந்து டைல்ஸ் தெரியாதாம். பாயையும் விரிக்கக் கூடாதாம்.

"பாய் இல்லாம தலைவருங்களை உக்கார வைப்பீங்களா?" தெலேசியா திகைத்துப் போனாள்.

"ஆளுக்கு ஒரு சின்னப் பாய். உக்கார்ற அளவுக்கு. மிச்சமெல்லாம் டைல்ஸ் தெரியணும்."

பின்கட்டில் சாம்பல் கல் பதித்துக் காய்ந்த அன்று பிற்பகல், தெலேசியா உள்ளே போய்க் கதவுத் துணியை இழுத்துவிட்டாள். சுவரோரம், அடுப்புக்குப் பக்கத்தில், தன் இடத்தில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக் காலை நீட்டினாள். ஒரு வேலையும் செய்யவில்லை. தொடையில் எதுவும் குத்தவில்லை. இருபத்தொன்பது வருடத்தில் இந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்ல ஒரு பொருள் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். சந்தோஷத்தில் கண் கலங்கியது. மசினா கூப்பிடும் சத்தம் கேட்டும் பத்து நிமிடம் எழுந்திருக்கவில்லை.

தரை திறப்புக்கு நாள் குறித்தார்கள். பன்றி, சேனை, தேங்காய்ப்பால் ஊற்றி இலையில் சுட்ட கீரை, ஒன்றும் குறையில்லை. விடியற்காலையிலிருந்து தெலேசியா பின்கட்டில் வெந்துகொண்டிருந்தாள். இவ்வளவும் பரிமாறி முடித்துவிட்டு, ஒரு கோப்பை கோகோவோடு தன் கல்லில் போய் உட்காரப் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லித்தான் வேலையை ஓட்டினாள்.

தலைவர்கள் வந்து அவரவர் தூணில் சாய்ந்தார்கள். போதகர் ஜெபித்தார். 'ஆமென்' சொல்லி வாய் மூடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தீவின் தென்கரையில் இருக்கிற அந்த ஊரில் மழை மேலிருந்து வராது, பக்கவாட்டில் வரும். தட்டி இல்லாத கூடத்துக்குள் தாராளமாக நுழைந்தது.

ஊர்ப் பேச்சாளர் சாமுவேலு மழைக்கு அஞ்சுகிறவர் அல்ல. கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல். தன் தூணில் உட்கார்ந்தபடி ஈ ஓட்டும் சாமரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தொடங்கினார்.

"இந்தக் குடும்பத்தின் அஸ்திவாரம் அசையாதது!"

அசையாதது என்று சாமரத்தை வீசினார். ஈரத்தில் பாய் அவரோடு ஒரு சாண் கிழக்கே நகர்ந்தது. அவர் கவனிக்கவில்லை.

"இவர்கள் முன்னோர் உட்கார்ந்த இடத்தைவிட்டு ஒருநாளும் விலகியதில்லை!"

இந்த வீச்சுக்கு இரண்டு முழம். வாட்டம் வேறு இருந்ததா, பாய் நிற்கவில்லை. எதிரே இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். போதகர் வேதப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"அவரவருக்கு உரிய தூணை அவரவர் அறிவார்!" என்று முழங்கிய சாமுவேலு, முழங்கி முடிக்கும்போது பெரிய தலைவரின் முழங்காலில் போய் முட்டி நின்றார்.

பெரிய தலைவர் கீழே குனிந்து அவரைப் பார்த்தார்.

"சாமுவேலு, இந்தத் தூணுக்கு வர்றதுக்கு எங்கப்பனுக்கு நாப்பது வருஷம் ஆச்சு. நீ மூணு வாக்கியத்துல வந்துட்ட."

அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. சாமுவேலுவே சிரித்துவிட்டார். பெரிய தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. கூடத்துத் தண்ணீரெல்லாம் வாட்டம் பிடித்து வந்து அவர் அடியில்தான் தேங்கியிருந்தது. எழுந்தார். வேட்டி மாதிரி கட்டியிருந்த துணியைப் பிழிந்தார். முழங்கால் வலிக்காரர் வேறு.

"பெனி, இந்த வீட்டுல அசையாத தரை எங்கயாவது இருக்கா?"

பெனி யோசித்துப் பேசுகிறவன் இல்லை. "பின்னாடி இருக்குங்கய்யா. என் பொண்டாட்டி உக்காந்து பாத்து வாங்குனது," என்று கையைக் காட்டிவிட்டான்.

மசினா தலையில் கை வைத்தாள். பெரிய தலைவர் தூணைத் தூணாகப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார். அவர் போனால் போதகர் நிற்பாரா? போதகர் போனால் ஊர் நிற்குமா? அத்தனை பேரும் அடுப்படிக்குள் வந்து நுழைந்தார்கள்.

அகப்பையோடு நின்ற தெலேசியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய தலைவர் சுற்றிலும் பார்த்தார். சுவரோரம், அடுப்புக்குப் பக்கத்தில், கதகதப்பான இடமாகப் பார்த்து மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்தார். காலை நீட்டினார். சாம்பல் கல்லை உள்ளங்கையால் தடவினார்.

"இதுய்யா தரை. யாரு எடுத்தது இந்தக் கல்ல?"

"நாங்கதாங்க எடுத்தோம்," என்றாள் வாசலில் நின்ற மசினா.

அந்த 'நாங்க' தெலேசியாவின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. பன்னிக் கொட்டகைக் கல்லில் இப்போது பங்கு வந்துவிட்டதா? ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு இருபது தட்டுப் பரிமாறினாள். எல்லோரும் சாப்பிட்டார்கள், புகழ்ந்தார்கள், சாமுவேலு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். இந்த முறை ஒரு விரல்கூட நகரவில்லை. பரிமாறி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், உட்கார ஒரு கல் இல்லை. அவள் இடத்தில் பெரிய தலைவர் அரைத் தூக்கத்தில் இருந்தார். எழுந்து போகிற உத்தேசம் அவர் முகத்தில் இல்லை. தெலேசியாவுக்கு அழுகைதான் வந்தது.

அகப்பையை வைத்துவிட்டு வெளியே வந்தாள். மழை நின்றிருந்தது. முன்கூடத்தில் ஈ காக்கை இல்லை. ஒரு துணியை எடுத்துக் கிழக்குக் கோடியைத் துடைத்தாள். நல்ல பெரிய பாயாகப் பார்த்து விரித்தாள். பெரிய தலைவரின் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் ரோடு, கடல், மாமனார் கல்லறை எல்லாம் தெரிந்தது. இத்தனை வருடமாக இந்தக் கூடத்தைத் துடைத்திருக்கிறாள். இங்கிருந்து என்ன தெரியும் என்று இன்றுதான் பார்க்கிறாள்.

மசினா வந்தாள். பெரியவருக்குக் கோகோ கொண்டுவருகிறாள். ஐம்பது வருடப் பழக்கம். கோப்பையைக் கையில் எடுத்தால் கால் தானாகக் கிழக்குத் தூணுக்குத்தான் நடக்கும். வழுக்காமல் இருக்கத் தரையையே பார்த்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து வந்து, தூணருகே குனிந்த பிறகுதான் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள்.

"எந்திரி! இது யார் தூணுன்னு தெரியுமா உனக்கு? உன் எடம் எங்க?"

"பின்பக்கம், அக்கா."

"அப்புறம் இங்க என்ன பண்ற?"

"பெரியவர் எங்க சாயறாரோ அதுதானே முன்பக்கம்? நீங்கதான இருபத்தொன்பது வருஷமா சொல்லிக் குடுத்தீங்க. அவர் அங்க சாஞ்சிருக்கார். அப்போ அது முன்பக்கம், இது பின்பக்கம். நான் என் எடத்துலதான் உக்காந்திருக்கேன்."

மசினா பின்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே போதகர் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. தெலேசியாவைப் பார்த்தாள். எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் வழக்கத்தில் ஓட்டை இல்லை. அவள் கட்டிக் காத்த வழக்கம், எப்படி இருக்கும்?

கையில் கோப்பை நிறைந்து ஆவி பறந்தது. தூணுக்கு வந்துவிட்ட கோப்பை. நிறைந்தபடி அது திரும்பக் கூடாது.

மசினா மெதுவாகக் குனிந்து கோகோவைத் தெலேசியாவின் முன்னால் வைத்தாள். கூடத்தில் வைக்கும்போது வழக்கமாகச் சொல்லும் உபசார வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டாள்.

தெலேசியா அவசரப்படவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தாள். ஊதினாள். ஒரு வாய் குடித்தாள். இந்தத் தூணில் சாய்ந்தவர்கள் இத்தனை வருடமாக அவளிடம் சொன்னதையே, அவர்கள் சொல்கிற அதே தொனியில் சொன்னாள்.

"சக்கரை பத்தல."

மசினா திரும்பி, வெள்ளை டைல்ஸ் மேல் தூணைத் தூணாகப் பிடித்துக்கொண்டு, சர்க்கரை எடுத்து வரப் போனாள்.